இருபத்தெட்டாவது ஸ்டேஜ்

ஆறாம் நாள் சாயங்காலம்
டாக்டர் சொன்னது
எனக்குப் பழகிய வார்த்தைதான்.
லீக்.

டெப்போவில் அதற்கு வேறு பொருள்.
டிக்கெட் கொடுக்காமல் பைக்குள் விழும் ஏழு ரூபாய்,
செக்கிங் ஏறும்போது
கழுத்துக் காலரில் ஊறும் வியர்வை.
கடலூர்–பாண்டி தடத்தில் பத்தொன்பது வருஷம்,
ஒரு நாளும் என் கணக்கு ஒழுகியதில்லை.
சரி, இரண்டு நாள்.

இப்போது நெஞ்சுக்குள் ஒழுகுகிறதாம்.
புற்று அரித்த உணவுக்குழாயை வெட்டியெடுத்து
இரைப்பையைக் குழலாக்கி மேலே இழுத்து
இரண்டையும் தைத்த இடத்தில்
எங்கோ ஒரு தையல் பிடிக்கவில்லை.
விலாவோரம் செருகிய குழாயில்
காலையில் ரோஸ் நிறம்,
மாலையில் சாக்கடை.

"மறுபடியும் கிழிக்கணுமா?" என்றாள் செங்கேணி.
டாக்டர் ரெஜினா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார்.
"வாய் வழியாப் போய்ப் பார்ப்போம்."

கோரிமேடு. இரண்டாவது மாடி. எலும்பைத் தொடும் ஏசி.
இடப்பக்கமாய்ப் படுக்கவைத்து
பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம்.
கறுப்புக் குழாயின் மேல் வெள்ளை வெள்ளையாய் எண்கள்.
டெக்னீஷியன் பையன் அவற்றைக் கூவினான்,
படியில் தொங்கியபடி நான் கூவுவதைப் போலவே.
பதினைந்து.
ஆல்பேட்டை இறங்கு, என்றது மயக்கத்தில் என் வாய்.
இருபது. கன்னியக்கோயில்.
இருபத்தைந்து. கிருமாம்பாக்கம், சில்லறையா கொடுங்க.
இருபத்தெட்டு.
நின்றுவிட்டார்கள்.
தவளக்குப்பம் இன்னும் வரவில்லையே.

தையலில் ஓட்டை.
ஓட்டைக்குப் பின்னால் ஒரு பொந்து,
எலுமிச்சங்காய் அளவு, முழுக்கச் சீழ்.
கறுப்பு ஸ்பான்ஜைக் கத்தரியால் செதுக்கி
ஒரு குழாயின் நுனியில் கட்டி
அந்தப் பொந்துக்குள் உட்காரவைத்தார்கள்.
மறுமுனை என் மூக்கு வழியே வெளிவந்து
கட்டிலடி மெஷினில் மாட்டிக்கொண்டது.
அது ராப்பகலாய் உறிஞ்சியது,
டீக்கடை ஃபிரிட்ஜின் முனகலோடு.
சீழை மட்டுமல்ல, சதையையும் இழுத்து
உள்ளிருந்து வளரவைக்குமாம்.

நாலு நாளைக்கொரு தடவை எடுத்து, புதிது வைப்பார்கள்.
என் எச்சிலைக்கூட நான் விழுங்கக் கூடாது.
வயிற்றில் போட்ட துளை வழியே
ஊசிக்குழலில் கஞ்சி இறங்கும்,
உப்பா சப்பா, நாக்குக்குத் தெரியாது.

செங்கேணி கீழே போய்ச் சாப்பிட்டு
வாய் கொப்பளித்து, முகம் கழுவி, சும்மா போய்வந்த மாதிரி வருவாள்.
குழாய் ஒரு மூக்குத் துளையில்தானே.
மறு துளை சொல்லும்:
இன்று புளிசாதம்.
இன்று கேன்டீன் வடை, அதுவும் ஆறியது.

அடுத்த கட்டில் வில்லியனூர் சந்தானசாமிக்கு
உள்ளே வைத்த ஸ்டென்ட் நழுவிக் கீழே போய்விட்டது.
"ஸ்டாப்பிங்கத் தாண்டிட்டான் கண்டக்டர்," என்று
விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
மூன்றாம் வாரம், ஒரு விடிகாலை,
அந்தக் கட்டிலில் புது விரிப்பு.
எல்லோரிடமும் எங்கே என்று கேட்டே பிழைத்தவன் நான்.
கேட்கவில்லை.

எலுமிச்சை, நெல்லிக்காய் ஆனது.
நெல்லிக்காய், சுண்டைக்காய்.
நடுவில் ஒரு தடவை ஒன்றுமே குறையவில்லை,
அன்று டாக்டர் என் பக்கம் திரும்பாமல் கை கழுவினார்.
ஏழாவது ஸ்பான்ஜை எடுத்தபோது
அதில் ரத்தம் மட்டும்.
"இது நல்ல ரத்தம்," என்றார்.
ரத்தத்தில் அப்படியும் உண்டு போல.

முப்பத்தைந்தாம் நாள் சிஸ்டர் பிலோமின்
ஒரு டம்ளர் நீலத் தண்ணீர் நீட்டினாள்.
வெள்ளை வேட்டி அலசிய சொட்டுநீலம் மாதிரி.
குடித்தேன். தொண்டை
மறந்துபோயிருந்தது, பிறகு ஞாபகம் வந்தது.
யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
எல்லாக் கண்ணும் விலாக் குழாயில்.
தரையில் குத்துக்காலிட்டு
செல்போன் டார்ச்சைப் பாட்டிலில் அடித்தபடி செங்கேணி.
ஐந்து நிமிஷம். பத்து.
"நீலம் வரல," என்றாள்.
அரை மணி கழித்தும் டார்ச்சை அணைக்கவில்லை.

மறுநாள் காலை
மூத்திரம் பச்சையாய்ப் போனது.
பதறிப்போய் சிஸ்டரைக் கூப்பிட்டேன்.
எட்டிப் பார்த்துச் சிரித்தாள்:
"போக வேண்டிய வழியாத்தான் போயிருக்கு."

செங்கேணி டீ குடிக்கப் போனாள்.
இந்தத் தடவை
சொல்லிவிட்டுப் போனாள்.